சமாதானம் வேண்டிய பிரபு

இங்கிலாந்தில் அரசருக்கும் பார்லிமெண்டுக்கும் இடையே நடந்த உள்நாட்டுப் போரில் 1643ஆம் ஆண்டு உயிர்நீத்த லூஷியஸ் கேரி என்னும் பாக்லாந்து பிரபுவைக் கோழை என்று சொல்ல அவருடைய பகைவரிலும் ஒருவர் துணிந்ததில்லை. ஆனால் எந்தக் கட்சியிலும் முழுமனத்தோடு நிற்க மாட்டாதவர் என்றும், நல்ல நூல்களோடும் நல்ல நண்பர்களோடும் காலம் கழிப்பதற்கன்றி ராஜ்ய காரியங்களுக்கு லாயக்கில்லாதவர் என்றும் சொன்னவர் பலர் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் ஹொரேஸ் வால்போல் அவரை மிக இளக்காரமாக மதிப்பிட்டு எழுதினார். 1877இல் மாத்யூ ஆர்னால்டு அவரைப் போற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். பழித்தவரும் புகழ்ந்தவரும் அவருடைய வாழ்வையும் மரணத்தையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்துவிட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். இரண்டையும் தனித்தனியே நிறுக்க வேண்டும். அப்படி நிறுத்தால், அவர் வாழ்ந்த விதத்துக்கு எவ்வளவு மரியாதை செலுத்துகிறோமோ, அவ்வளவு வருத்தத்தோடு அவர் இறந்த விதத்தை மறுக்க வேண்டியவர்களாகிறோம்.

ஒரு தேசம் தனக்குள்ளேயே இரண்டாகப் பிளந்து, அண்ணன் ஒரு பாசறையிலும் தம்பி எதிர்ப் பாசறையிலும் கத்தி தீட்டிக்கொண்டிருக்கும் காலத்தில், இரு தரப்பிலும் ஓரளவு நியாயம் இருப்பதைக் கண்டுகொண்ட மனிதன் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி 17ஆம் நூற்றாண்டோடு முடிந்துவிடவில்லை. உலகத்தில் எங்கேனும் ஒரு மூலையில் இதே கேள்விக்கு விடை தேடி யாரோ ஒருவர் இன்றும் தவித்துக்கொண்டுதான் இருக்கிறார் என்பதைத் தினசரிப் பத்திரிகை படிக்கும் எவரும் அறிவர். அதனால்தான் முந்நூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன் மாண்ட ஓர் ஆங்கிலப் பிரபுவின் கதை நமக்குப் பொருட்படுகிறது.

பாக்லாந்து என்ற பெயர் நம்மில் பலருக்குத் தென் அட்லாண்டிக் சமுத்திரத்திலுள்ள தீவுகளின் பெயராகவே பழக்கம். அத்தீவுகளுக்கிடையேயுள்ள நீரிணைக்கு 1690இல் ஓர் ஆங்கில மாலுமி சூட்டிய பெயர் அது. சூட்டப்பட்டது நம் கதாநாயகரின் பேரரான ஐந்தாம் பாக்லாந்து பிரபுவின் கௌரவத்துக்காக. நாம் பேசுகிறவர் இரண்டாம் பிரபு.

அவர் ஏறக்குறைய 1610இல் ஆக்ஸ்போர்டு மாவட்டத்துப் பர்போர்டில், தாய்வழிப் பாட்டனாரின் மாளிகையில் பிறந்தார். தந்தை ஹென்றி கேரி 1622 முதல் 1629 வரை அயர்லாந்தில் அரசரின் பிரதிநிதியாக இருந்தவர். ஆகையால் பிள்ளையின் கல்வி டப்ளின் டிரினிடி கல்லூரியில் நடந்தது. தாய் எலிசபெத் சாமானியமான ஸ்திரீ அல்லர். 1613இல் அவர் எழுதிய நாடகம் அச்சேறியது. ஆங்கிலப் பெண்மணி ஒருவர் சொந்தமாக இயற்றி அச்சில் வந்த முதல் நாடகம் அதுவே. 1626இல் அவர் கத்தோலிக்க மதத்தைத் தழுவிவிட்டதாக வெளிப்பட்டபோது, புராட்டஸ்டண்டு அரசாங்கத்தின் பெரிய உத்தியோகஸ்தரான கணவர் அவரை விட்டுப் பிரிந்தார். பெண்மக்கள் நால்வர் பிற்காலத்தில் கன்னிமடம் புகுந்தனர். மூத்த பிள்ளையின் பாதுகாப்பிலிருந்த இளைய பிள்ளைகள் இருவரைத் தாயே ரகசியமாக ஆளனுப்பி அழைத்துச் சென்று, கத்தோலிக்கராக வளர்க்கும்பொருட்டுக் கடல் கடந்து அனுப்பிவிட்டார். தேசம் மதத்தால் பிளவுபடுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே தம் சொந்த வீடு மதத்தால் பிளவுபட்டதைக் கண்ணாரக் கண்ட இந்தப் பிள்ளை, தாயின் மதத்தை ஏற்காதவராயினும் அந்த மதத்தைச் சேர்ந்தவர்களை வெறுக்கக் கற்கவில்லை. மாற்றுக் கொள்கை உடையவனும் தன்னைப் போலவே உண்மையைத் தேடுகிறவனாக இருக்கக்கூடும் என்ற எண்ணம் அவருக்குப் புத்தகத்திலிருந்து வருவதற்கு முன்னால் வீட்டிலிருந்து வந்தது என்று நான் நம்புகிறேன்.

பாட்டனாரின் சொத்து தந்தையைத் தாண்டி நேரே பேரனுக்கு வந்தது. இளம் வயதிலேயே கிரேட் டியூ, பர்போர்டு என்னும் இரண்டு பண்ணைகளுக்கு உடையவரான அவர், இறந்துபோன தம் ஆருயிர் நண்பர் ஹென்றி மாரிசனின் சகோதரியான லெட்டிஸை, சீதனம் எதுவும் எதிர்பாராமல் மணந்தார். அந்த நட்பைப் பென் ஜான்சன் ஒரு பாட்டால் அமரமாக்கினார். ஆனால் மகனுடைய விவாகத்தால் தம் செல்வ நிலை உயரும் என்று காத்திருந்த தந்தைக்கோ அடங்காத கோபம். சொத்து முழுவதையும் தந்தைக்கே எழுதிக் கொடுத்துவிட்டு அவர் தருவதை வைத்துக்கொண்டு ஜீவிப்பதாக மகன் சொல்லியும் தந்தை இணங்கவில்லை. மனம் நொந்த மகன் ஹாலந்துக்குச் சென்று சேனையில் உத்தியோகம் தேடி, அது கிட்டாமல் திரும்பி வந்து, கிரேக்க பாஷையில் தேர்ச்சி பெறும்வரை லண்டன் நகரத்தை எட்டிப் பார்ப்பதில்லை என்று சங்கற்பம் செய்துகொண்டு நூல்களில் மூழ்கினார். 1633இல் தந்தை காலமானதும் பிரபுப் பட்டம் அவரை அடைந்தது. பர்போர்டு மாளிகையை வில்லியம் லெந்தால் என்னும் வழக்கறிஞருக்கு விற்றார். 1642 ஜனவரியில் முதலாம் சார்லஸ் அரசர் ஆயுதம் தாங்கியவர்களோடு காமன்ஸ் சபைக்கு வந்து ஐந்து அங்கத்தினரைக் கைது செய்யத் தேடியபோது, சபையின் உத்தரவின்றித் தமக்குக் கண்ணும் இல்லை, நாவும் இல்லை என்று மண்டியிட்டு விடை சொன்ன சபாநாயகர் இந்த லெந்தால்தான்.

கிரேட் டியூ மாளிகையில் கழிந்த அந்தச் சில ஆண்டுகளே பாக்லாந்தின் வாழ்வில் பொற்காலம். ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையிலிருந்து குதிரையேறி வந்துவிடக்கூடிய தூரத்திலிருந்த அந்த வீட்டுக்கு வித்வான்கள் யாரும் முன்னறிவிப்பின்றி வரலாம், போகலாம். அவரவருக்கு அறை உண்டு, கை நீட்டினால் நூல் உண்டு. யார் யார் வந்திருக்கிறார்கள் என்பது வீட்டுக்கு உடையவருக்கே சாப்பாட்டு மேசையில்தான் தெரியவரும். இதையெல்லாம் எழுதி வைத்தவர் அவருடைய நண்பர் எட்வர்ட் ஹைட். பிற்காலத்தில் கிளாரண்டன் பிரபுவாகி அந்தப் போரின் சரித்திரத்தையே எழுதியவர். பாக்லாந்து குட்டையானவர், அழகில்லாதவர், கேட்க இனிமையில்லாத குரலுடையவர் என்றும் அவர் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அப்படிப்பட்டவர் வாய் திறந்தால் அறையே அவர்வசமாகிவிடும் என்பதையும் சேர்த்தே சொல்கிறார். பிற்காலத்தில் கேன்டர்பரி தலைமைக் குருவான கில்பர்ட் ஷெல்டன், ஜான் ஹேல்ஸ், வில்லியம் சில்லிங்வொர்த் போன்றவர்கள் அங்கே கூடினார்கள். மத விஷயத்தில் தவறே செய்யாத அதிகாரபீடம் ஒன்று உலகத்தில் இருக்க முடியுமா என்பது அவர்கள் இரவு பகலாக விவாதித்த பிரச்னைகளில் ஒன்று. இருக்க முடியாது என்றும், ஆகவே நேர்மையாகத் தேடிப் பிழைபட்டவனைத் தண்டிக்க எவருக்கும் உரிமை இல்லை என்றும் வாதித்தவர்கள் அவர்கள். சில்லிங்வொர்த் 1638இல் வெளியிட்ட பெருநூல் அந்த வீட்டின் நூலகத்துக்குப் பெரிதும் கடன்பட்டது.

இத்தகைய மனிதர் அரசியலில் இறங்கியது அதிகார ஆசையால் அன்று. முதலாம் சார்லஸ் மன்னர் 1629 முதல் பதினொரு ஆண்டுகள் பார்லிமெண்டைக் கூட்டாமலே ஆண்டார். கடற்கரை ஊர்களுக்கு மட்டுமே உரிய கப்பல் வரியை உள்நாட்டு மாவட்டங்களிலும் சபையின் சம்மதமின்றி வசூலித்தார். நியாயாதிபதிகளில் பெரும்பாலோர் அது சட்டப்படி சரியே என்று தீர்ப்பளித்தனர். பாக்லாந்தின் பட்டம் ஸ்காட்லாந்தைச் சேர்ந்ததாகையால் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபையில் அவருக்கு ஆசனமில்லை. வைட் தீவின் நியூபோர்ட் தொகுதியிலிருந்து 1640இல் காமன்ஸ் சபைக்கு வந்தார். வந்தவர், வரியை விதித்தவர்களைக் காட்டிலும் அதற்குச் சட்டத்தின் வேஷம் போட்ட நியாயாதிபதிகளையே கடுமையாகத் தாக்கினார். கொள்ளைக்காரன் வீட்டில் புகுவது ஒரு குற்றம். காவற்காரனே கதவைத் திறந்துவிடுவது அதனினும் கொடிய குற்றம் என்று கருதுகிற மனப்பான்மை அது.

ஆனால் ஸ்ட்ராஃபோர்டு பிரபுவின் விஷயத்தில் அவர் நடந்துகொண்டதை என்னால் ஆதரிக்க முடியவில்லை. அரசரின் வன்மையான மந்திரியாகிய ஸ்ட்ராஃபோர்டு மீது ராஜத் துரோகக் குற்றத்தை விசாரணையில் ருசுப்படுத்த முடியாமற்போகவே, அவர் குற்றவாளி என்று ஒரு சட்டமே இயற்றித் தலையை வாங்கிவிடக் காமன்ஸ் சபை தீர்மானித்தது. 1641 ஏப்ரலில் 204 பேர் ஆதரிக்க, 59 பேர் எதிர்க்க, அந்த மசோதா நிறைவேறியது. மே 12ஆம் தேதி ஸ்ட்ராஃபோர்டு வெட்டுண்டார். சட்டத்தைத் தெய்வமாகப் போற்றிய பாக்லாந்து அந்த மசோதாவை ஆதரித்தவர்களில் ஒருவர். சட்டத்தின் பெயரால் அநீதி செய்த நியாயாதிபதிகளைக் கண்டித்த அதே நாவு இதற்கும் துணைபோனது அவருடைய பொதுவாழ்வில் ஒரு களங்கம். அவரை நேசிப்பவர்கள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுவது வழக்கம், விடலாகாது.

அந்த ஆண்டுக்குள்ளேயே அவர் மாறினார். மாறியது அவரா, அவரைச் சூழ்ந்திருந்த சபையா என்பது யோசிக்கத்தக்கது. பிஷப்புகளின் அகங்காரத்தை அவரும் கண்டித்தவர்தான். ஆனால் பிஷப்புகளின் அமைப்பையே வேரோடு பிடுங்கி எறிய வேண்டும் என்று ஒரு கோஷ்டி கிளம்பியபோது, மாற்ற வேண்டிய அவசியமில்லாததை மாற்றாதிருப்பதே அவசியம் என்ற கொள்கையில் அவர் ஊன்றி நின்றார். 1641 நவம்பர் 22ஆம் தேதி, அரசரின் குற்றங்களையெல்லாம் நீண்டதொரு ஜாபிதாவாக அடுக்கிய மகா விண்ணப்பம் சபைக்கு வந்தது. நள்ளிரவு தாண்டியும் விவாதம் ஓயவில்லை. 148 வாக்குக்கு எதிராக 159 என்று, பதினொரு வாக்கு வித்தியாசத்தில் அது நிறைவேறியது. உறுப்பினர்களின் கைகள் உடைவாளுக்குச் சென்றன. விவாதமே அதிகம் இராது என்று முன்கூட்டி அலட்சியமாகச் சொல்லியிருந்த ஆலிவர் கிராம்வெல்லை வெளியே செல்லும்போது பாக்லாந்து சந்தித்து, விவாதம் நடந்ததா இல்லையா என்று கேட்டாராம். இனி உங்கள் வார்த்தையை நம்புகிறேன் என்று சொன்ன கிராம்வெல், அந்த விண்ணப்பம் தோற்றிருந்தால் மறுநாளே உள்ளதையெல்லாம் விற்றுவிட்டு இங்கிலாந்தை விட்டே போயிருப்பேன் என்று காதோடு சொன்னதாகக் கிளாரண்டன் எழுதுகிறார். இரண்டு ஆண்டு கழிவதற்குள் ஒருவர் பிணமாகவும் மற்றவர் குதிரைப்படைத் தலைவராகவும் ஆகப்போகிற இருவர், நடுநிசியில் சபை வாயிலில் நின்று இப்படிப் பேசிக்கொள்ள முடிந்தது என்பதே அந்தத் தேசம் இழக்கவிருந்த பெருஞ்செல்வத்துக்கு அத்தாட்சி.

1642 ஜனவரித் தொடக்கத்தில் அரசர் அவரை ராஜாங்கக் காரியதரிசியாக நியமித்தார். பதவியேற்க அவருக்குச் சிறிதும் விருப்பமில்லை. ஹைட் மன்றாடிய பின்னரே இசைந்தார். இசைந்த அதே நாட்களில், ஐந்து அங்கத்தினரைக் கைது செய்ய முயலும் விபரீத காரியத்தை, அவரையும் ஹைடையும் போன்ற புதிய ஆலோசகர்களில் ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் அரசர் செய்தார். அப்போதே பாக்லாந்து ராஜினாமாச் செய்திருந்தால் உலகம் அவரை மெச்சியிருக்கும். அவர் செய்யவில்லை. அதைப் பலவீனம் என்பார்கள் சிலர். நான் அதை அவருடைய வாழ்வின் மிகக் கடினமான கடமை என்பேன். தம் சொல்லைக் கேளாத எஜமானனிடம், கேட்கும்வரை சொல்லிக்கொண்டிருப்பதற்காகவே தங்கியிருப்பது, உதறிவிட்டு வெளியேறுவதை விட அரிது. பதவியிலும் அவர் இரண்டு காரியங்களுக்கு உடன்படவில்லை: ஒற்றர்களை வைத்துப் பிறர் வாயைப் பிடுங்குவதற்கும், பிறருடைய கடிதங்களைச் சந்தேகத்தின்பேரில் உடைத்துப் பார்ப்பதற்கும் அவர் மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை. போர்க்கால மந்திரிக்கு இது கட்டுமா என்று நகைத்தவர்கள் அந்தக் காலத்திலும் இருந்தார்கள்.

அவர் அந்தப் பதவியில் இருந்ததால் விளைந்த நன்மைக்கு ஒரு சாட்சி உண்டு. 1642 ஜூனில் பார்லிமெண்டு பத்தொன்பது கோரிக்கைகளை அரசருக்கு அனுப்பியபோது, அவற்றுக்கு அரசர் பெயரால் விடை எழுதியவர்கள் பாக்லாந்தும் மற்றொரு புதிய ஆலோசகரான கல்பெப்பரும். அரசர், பிரபுக்கள், பொதுமக்கள் பிரதிநிதிகள் என்னும் மூவரும் அதிகாரத்தைப் பகிர்ந்துகொண்டு, ஒருவர் வரம்பு மீறாதபடி மற்றவர் தடுத்து நிற்பதே இங்கிலாந்தின் அரசியலமைப்பு என்று அந்த விடை கூறிற்று. தெய்வத்துக்கு மட்டுமே தாம் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்று எண்ணிய ஒரு மன்னரின் வாயிலிருந்தே இந்த வாசகம் வரும்படி செய்ததைச் சிறிய சாதனை என்று எண்ணலாகாது. அரசரை மூவரில் ஒருவராகக் குறைத்துவிட்டதே என்று ஹைட் கூட வருந்தினார். ஆனால் கலப்பு முடியாட்சி என்ற தத்துவத்தைப் பேசிய பிற்காலத்து ஆங்கிலேயர் பலர், 18ஆம் நூற்றாண்டு வரையிலும், அந்த விடையைத்தான் ஆதாரமாகக் காட்டினார்கள்.

1642 ஆகஸ்டு 22ஆம் தேதி நாட்டிங்ஹாமில் அரசரின் போர்க்கொடி ஏறியது. அடுத்த சில நாட்களிலேயே அரசரின் சமாதானச் செய்தியை எடுத்துக்கொண்டு பாக்லாந்து வெஸ்ட்மின்ஸ்டருக்குச் சென்றார், வெறுங்கையோடு திரும்பினார். அக்டோபரில் எட்ஜ்ஹில் போர். பின்னர் ஆக்ஸ்போர்டு அரசரின் தலைநகராயிற்று; 1643 வசந்த காலத்தில் அங்கே நடந்த சமாதானப் பேச்சும் முறிந்தது. அதன்பின் அவர் முன்பிருந்த மனிதராக இல்லை. உடையில் மிகுந்த கவனமுள்ளவராக இருந்தவர் அதை அலட்சியம் செய்யலானார், கலகலப்பான சம்பாஷணை போய்ச் சிடுசிடுப்பு வந்தது, உறக்கம் அகன்றது, நண்பர்களோடு உட்கார்ந்திருக்கையில் நெடுநேரம் மௌனமாயிருந்து, பெருமூச்சோடு, சமாதானம், சமாதானம் என்று தமக்குத்தாமே சொல்லிக்கொள்வார். அந்தப் போர் தம் உறக்கத்தைப் பறித்துக்கொண்டுவிட்டது, இன்னும் சில நாளில் தம் இருதயத்தையும் உடைத்துவிடும் என்று அவர் வெளிப்படையாகவே கூறினார் என்கிறார் கிளாரண்டன்.

போர்க்களத்தில் அவர் காட்டிய துணிச்சலுக்கும் இதுவே காரணம். ஆகஸ்டில் கிளாஸ்டர் நகரத்தை அரசர் படை முற்றுகையிட்டபோது (பண்டிதர் சில்லிங்வொர்த் பண்டை ரோமாபுரியின் முறைப்படி அங்கே முற்றுகை யந்திரங்களைக் கட்டினார் என்பதை நினைத்தால், கிரேட் டியூ எங்கிருந்து எங்கே வந்துவிட்டது என்று மனம் துணுக்குறுகிறது), பாக்லாந்து அவசியமே இல்லாமல் பதுங்கு குழிகளின் முனையில் போய் நிற்பார். மந்திரிக்கு அங்கே என்ன வேலை என்று ஒரு நண்பர் கடிந்துகொண்டதற்கு, சமாதானத்தை இவ்வளவு விரும்புகிற நான் மற்றவர்களை விட அதிக ஆபத்துக்குள் போய்த்தான் ஆகவேண்டும், இல்லையேல் உயிருக்குப் பயந்தே சமாதானம் பேசுகிறேன் என்பார்கள் என்ற பொருள்படப் பதில் சொன்னாராம். சமாதானம் கேட்பவன் கோழை என்ற பழிச்சொல், போரை நடத்துகிறவர்கள் கையில் எல்லாக் காலத்திலும் உள்ள ஆயுதம். அந்தப் பழியை மறுப்பதற்குத் தம் உயிரையே பணயம் வைக்க வேண்டியிருந்தது என்றால், குற்றம் முழுவதும் அவருடையதன்று. அவரைச் சுற்றி நின்று ஏளனம் செய்தவர்களும் அவருடைய இரத்தத்துக்குப் பொறுப்பாளிகளே.

கிளாஸ்டரை மீட்டுவிட்டு லண்டனுக்குத் திரும்பிக்கொண்டிருந்த எசெக்ஸ் பிரபுவின் பார்லிமெண்டுச் சேனையை, செப்டம்பர் 20ஆம் தேதி நியூபரிக்கு அருகில் அரசர் படை மறித்தது. அன்று காலை பாக்லாந்து சுத்தமான உள்ளாடை வாங்கி அணிந்துகொண்டார் என்றும், இந்தக் காலத்தின் கொடுமை தமக்குச் சலித்துவிட்டது, இரவுக்குள் இதிலிருந்து விடுபட்டுவிடுவேன் என்று சொன்னார் என்றும் ஒயிட்லாக் என்பவர் குறித்திருக்கிறார். சர் ஜான் பைரனின் குதிரைப்படையில் தொண்டராகச் சேர்ந்துகொண்டார். வேலிகள் அடர்ந்த வயற்பாங்கு. அவற்றில் ஒரு வேலியில் குறுகலான இடைவெளி. அப்பால் எதிரியின் துப்பாக்கிகள். இடத்தைப் பார்வையிடச் சென்ற பைரனின் குதிரை குண்டு பட்டு விழ, அவர் வேறு குதிரை கேட்டுக்கொண்டிருந்த அந்தக் கணத்தில், பாக்லாந்து தம் குதிரையை முடுக்கி அந்த இடைவெளிக்குள் தனியே பாய்ந்தார். குதிரையும் அவரும் அங்கேயே மாண்டார்கள். வீரம் மிகுதி, விவேகம் குறைவு என்பது பைரனின் மதிப்பீடு. அவருக்கு அப்போது சுமார் 33 வயது. உடல் மறுநாட்காலைதான் அகப்பட்டது. கிரேட் டியூ கோவிலில் அடையாளக் கல் எதுவுமின்றி அடக்கம் செய்தார்கள். அன்றைய போரில் கார்னார்வன், சண்டர்லாந்து என்னும் இரு பிரபுக்களும் அரசர் பக்கம் மடிந்தார்கள். இரவில் வெடிமருந்து தீர்ந்துபோய் அரசர் படை விலகிக்கொள்ள, எசெக்ஸ் லண்டன் போய்ச் சேர்ந்தார்.

அந்த மரணத்தைத் தியாகம் என்று கொண்டாடுகிறவர்களிடம் நான் ஒன்று கேட்கிறேன்: அந்த வேலி இடைவெளியில் அவர் பாய்ந்ததால் யாருக்கு என்ன கிடைத்தது? கிடைத்தது ஒருவருக்கு மட்டும். அவர் ஜார்ஜ் டிக்பி. காலியான காரியதரிசிப் பதவி சில நாட்களுக்குள் அவரை அடைந்தது. புத்திசாலி, அழகர், வாய்ச்சாலகர். ஆனால் நிதானமோ பொறுமையோ இல்லாதவர். அயர்லாந்திலிருந்தும் அயல்நாடுகளிலிருந்தும் படைகளைத் தருவிக்க மேலும் மேலும் ரகசிய ஏற்பாடுகளைப் பின்னினார். 1645 ஜூனில் நேஸ்பியில் அரசரின் படைத்தலைவரான ரூபர்ட் இளவரசர் தயங்கியபோதும் போரிட்டே தீரவேண்டும் என்று அரசரைத் தூண்டியவர்களில் அவர் ஒருவர். அரசரின் முக்கிய சேனை அந்த ஒரு நாளில் அழிந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அவருடைய கடிதக் கட்டுகள் பார்லிமெண்டுப் படையிடம் சிக்கி, அச்சிடப்பட்டு, அரசர்மேல் நாட்டில் எஞ்சியிருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையையும் குலைத்தன. பிறர் கடிதத்தை உடைக்க மறுத்த மந்திரியின் ஸ்தானத்தில் இப்படிப்பட்டவர் வந்து அமர்ந்தார்.

பாக்லாந்து பிழைத்திருந்தால் போர் நின்றிருக்கும் என்று நான் வாதிக்கவில்லை. நல்ல ஆலோசனையைக் கேட்டு நடக்கும் சுபாவம் சார்லஸ் மன்னருக்கு இருந்ததில்லை, பார்லிமெண்டின் தீவிரவாதிகளுக்கும் இருந்ததில்லை. ஆனால் 1645 தொடக்கத்தில் அக்ஸ்பிரிட்ஜில் இரு தரப்புப் பிரதிநிதிகளும் மறுபடி கூடிப் பேசியபோது, அரசரின் காரியதரிசியாக, எதிர்த்தரப்பாரும் நம்பி மதித்த ஒருவர் இருந்திருப்பார்; நண்பரை இழந்து தனித்துப்போன ஹைடுக்குத் துணை இருந்திருக்கும். ஒவ்வொரு முறை பேச்சு முறிந்தபோதும் அடுத்த முறைக்கு வழி தேடுகிற ஒருவர் ராஜசபையில் மிஞ்சியிருப்பார். அவமானத்தையும் தோல்வியையும் உறக்கமின்மையையும் சகித்துக்கொண்டு அந்த ஆசனத்தில் இருபது மாதங்கள் உட்கார்ந்திருந்தவர் பாக்லாந்து; அந்த இருபது மாதங்களே அவருடைய வீரம். அந்த ஆசனத்தை டிக்பிக்கு விட்டுச் சென்ற நியூபரிக் காலை அவருடைய பிழை. ஸ்ட்ராஃபோர்டு மசோதாவை ஆதரித்ததைக் காட்டிலும் பெரிய பிழை.